மோட்டார்ச் சைக்கிள் கழகங்களும் வீதி ஒழுக்கமும்

விரைந்து செல்ல வேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. காலால் நடந்தவன் குதிரைமேல் ஏறினான். குதிரையைத் தேரிற் பூட்டினான். பின்னர்க் குதிரையையும் விட்டு இயந்திரத்தை நாடினான். 1885 ஆம் ஆண்டிலே ஜேர்மனி நாட்டினரான கொட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்னும் இருவர் மரச்சட்டமொன்றிலே பெற்றோல் இயந்திரமொன்றைப் பொருத்தி ஓடவிட்டனர். இன்றைய மோட்டார்ச் சைக்கிளுக்கு மூதாதை அதுவே. அது தோன்றி இருபது ஆண்டுகள் நிறையுமுன்னரே, அத்தகைய வண்டிகளை ஓட்டுவோர் கூடிக் கழகம் அமைக்கவும் தொடங்கிவிட்டனர். 1903 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே அவ்வாறான சங்கங்கள் தோன்றின. தனியே செல்வதிலும் கூடிச் செல்வதில் இன்பம் மிகுதி என்பதனை அவர்கள் அன்றே உணர்ந்தனர் போலும்.

கல்லூரி மலரிலே இப்பொருள்பற்றி எழுதுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. இந்நாட்டிலே பதிவுசெய்யப்பட்ட வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார்ச் சைக்கிள்களே. கல்லூரியை விட்டு நீங்கித் தொழிலொன்றிற் சேரும் இளைஞன் தன் உழைப்பினால் முதன்முதல் வாங்கும் பெரும்பொருளும் பெரும்பாலும் அதுவே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் வீதி விபத்துக்களால் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் மாண்டனர். அவர்களுட் பத்தில் மூன்று பங்கினர் இயந்திரம் பூட்டிய இருசக்கர, முச்சக்கர வண்டிகளிற் சென்றோர். இளவயதினரைக் கொள்ளைகொள்ளும் காரணங்களுள் வீதி விபத்து முதல் வரிசையில் நிற்கின்றது. ஆண்டுதோறும் நாம் வகுப்பறையிலிருந்து வாழ்த்தி அனுப்பும் மாணவர், பிள்ளைகளின் தந்தையராய்ப் பழைய மாணவர் சங்கத்துக்குத் திரும்பி வருதல் வேண்டுமாயின், இப்பொருளை நாம் எண்ணாதிருத்தல் இயலாது.

ஆகவே ஒரு வினாவை எழுப்பி அதற்கு விடை காண முயல்வோம். பலர் கூடி மோட்டார்ச் சைக்கிளிற் செல்லும்போது, அக்கூட்டம் ஒருவனுக்குக் காவலாகுமா, கேடாகுமா? இரண்டும் ஆகலாம். எது ஆகும் என்பது அக்கழகம் தனக்கு வகுத்துக்கொண்ட ஒழுக்கத்தைப் பொறுத்தது.

விபத்து நிகழும் வகை

நோயின் காரணம் அறியாமல் மருந்து கொடுத்தல் தகாது. மோட்டார்ச் சைக்கிள் விபத்தின் காரணங்களை முறைப்படி ஆராய்ந்தோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்காவின் தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹரி ஹேட் என்பவர். அவரும் அவர் குழுவினரும் 1976, 1977 ஆகிய ஆண்டுகளிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பகுதியில் நிகழ்ந்த விபத்துக்களுள் 900 இற்கு, நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். அவற்றோடு 3,600 பொலிஸ் அறிக்கைகளையும் ஒப்புநோக்கினர். அவ்வாய்வின் முடிவுகள் 1981 ஆம் ஆண்டில் வெளிவந்தன. காலம் பல கடந்தும் வீதிப் பாதுகாப்புக் கற்பிப்போர் இன்றும் அவற்றை எடுத்துக் கூறுகின்றனர்.

அவற்றுட் சிலவற்றை இங்கே தருகின்றோம். விபத்துக்களுள் நான்கில் மூன்று பங்கு வேறொரு வாகனத்துடன் மோதியதால் விளைந்தவை. அவற்றுள்ளும் மூன்றில் இரண்டு பங்கிலே தவறு மற்ற வாகனத்தின் சாரதியினுடையது. எதிரே வந்த மோட்டார்ச் சைக்கிளைக் காணாமலோ, காலம் தாழ்த்திக் கண்டோ அவர் குறுக்கே திரும்பிவிட்டார். தனித்து வீழ்ந்த வண்டிகளிலோ, மூன்றில் இரண்டு பங்கிலே தவறு ஓட்டியவனுடையது. வளைவில் அளவுக்கு மிஞ்சிய வேகத்தாற் புறத்தே ஓடியோ, பிறேக்கை மிகுதியாக அழுத்திச் சறுக்கியோ அவன் வீழ்ந்தான். உயிரிழப்பில் முடிந்த விபத்துக்களுள் ஏறத்தாழப் பாதியில் மதுவின் தொடர்பு காணப்பட்டது. விபத்துக்குள்ளானோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றிருவர் முறையான பயிற்சி பெறாதோர்; தாமே பழகினோர், அல்லது உறவினரிடமும் நண்பரிடமும் பழகினோர். பாதிக்கு மேற்பட்டோர் அக்குறிப்பிட்ட வண்டியை ஐந்து மாதமேனும் ஓட்டியிராதோர்.

இன்னும் இரண்டு முடிவுகள் நம் சிந்தனைக்கு உரியன. விபத்தை உணர்ந்த கணத்துக்கும் மோதலுக்கும் இடையே அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு செக்கனுக்கும் குறைவு. விபத்துக்குச் சற்று முன்னர் அவர்கள் சென்ற இடைநிலை வேகமோ மணிக்கு 30 மைலுக்கு உட்பட்டது. அதாவது 48 கிலோமீற்றர் அளவினது. மேலும், பெரும்பாலான விபத்துக்கள் நெடும்பயணத்தில் நிகழ்ந்தனவல்ல. கடைக்கும் நண்பர் வீட்டுக்கும் சென்ற குறும்பயணங்களிலே, புறப்பட்ட இடத்துக்கு அண்மையில் நிகழ்ந்தவை. நெடும்பயணத்துக்குக் கவசம் பூணும் கழகத்தவர் மாலையிற் சந்தைக்குச் செல்லும்போது அதனைக் கழற்றி வைத்துவிட்டுச் செல்வராயின், ஆபத்து எங்கே உறைகின்றது என்பதனை அவர் அறியாதவரே.

வேகமும் தூரமும்

நம் மாணவர் பௌதிக வகுப்பிலே கற்ற சில உண்மைகளை வீதியிலே வைத்துப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் செல்கின்றது. முன்னே இடையூறு தோன்றியதைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கை பிறேக்கைப் பற்றுவதற்கு ஒரு செக்கன் செல்லும் எனக் கொள்வோம். அதற்குள் 17 மீற்றர் கழிந்துவிடும். அதன்பின் உலர்ந்த நல்ல வீதியிலே செக்கனுக்குச் செக்கன் 6 மீற்றர் அமர்முடுகலோடு வண்டி நிறுத்தப்படுமாயின் இன்னும் 23 மீற்றர் வேண்டும். ஆக 40 மீற்றர். மழையிலே அந்த அமர்முடுகல் 4 மீற்றராகக் குறையுமாயின் மொத்தத் தூரம் 50 மீற்றரைக் கடக்கும்.

வேகத்தை இருமடங்காக்கினால் நிற்கும் தூரமும் இருமடங்காகும் என எண்ணுவோர் உளர். அஃது அவ்வாறன்று. இயக்கப்பண்புச் சத்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 40 கிலோமீற்றரிற் செல்வோனுக்குப் பிறேக்குப் பிடித்தபின் 10 மீற்றர் போதும். 80 கிலோமீற்றரிற் செல்வோனுக்கு 41 மீற்றர் வேண்டும். இருமடங்கு வேகம் நான்மடங்கு தூரத்தைக் கேட்கின்றது. இதனாலேயே முன்செல்லும் வண்டிக்கும் தனக்கும் இடையே இரண்டு செக்கன் அளவான இடைவெளி விடுக என அறிந்தோர் விதித்தனர். முன்வண்டி ஒரு தந்திக்கம்பத்தைக் கடந்த கணத்திலிருந்து எண்ணத் தொடங்கி, இரண்டு செக்கன் கழியுமுன் நம் வண்டியும் அக்கம்பத்தை அடையுமாயின், நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்பது துணிபு. மழையில் அவ்விடைவெளியை இரட்டித்தல் வேண்டும்.

வளைவுகளின் கணக்கும் இத்தகையதே. 50 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றை மணிக்கு 50 கிலோமீற்றரிற் கடப்போன் வண்டியை ஏறத்தாழ 21 பாகை சாய்த்தல் வேண்டும். 60 கிலோமீற்றரில் அது 30 பாகையாகும். 70 கிலோமீற்றரில் 38 பாகையை எட்டும். மணலோ, சல்லியோ, சிந்திய எண்ணெயோ கிடக்கும் வீதியில் அச்சாய்வைத் தாங்கும் உராய்வு ரயருக்கு இராது. ஆதலின் வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்னரே செய்யத்தக்கது. வளைவினுட் புகுந்தபின் பிறேக்கை அழுத்துவது வீழ்ச்சியை வலிந்து அழைப்பதாகும்.

பிறேக்குப்பற்றியும் ஒரு சொல். வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்சக்கரத்தின்மேற் சென்று அழுத்துகின்றது. அதனால் நிறுத்தும் வலிமையிற் பத்தில் ஏழு பங்கு வரை முன்பிறேக்குக்கே உரியது. நம்மவருட் பலர் தலைகுப்புற வீழ்வோமோ என்று அஞ்சி முன்பிறேக்கைத் தொடுவதேயில்லை. ஹேட் ஆய்விற் கண்டோரும் அவ்வாறே பின்பிறேக்கை மிகுதியாக அழுத்திச் சறுக்கியும், முன்பிறேக்கைக் குறைவாகப் பயன்படுத்தியும் தமக்குக் கிடைத்த இரண்டு செக்கனை வீணாக்கினர். முன்பிறேக்கைத் திடீரெனப் பறித்துப் பிடியாது, படிப்படியாக இறுக்கிப் பழகுதல் வேண்டும். வெறும் மைதானத்திலே நூறுமுறை பழகியவனுக்கே ஆபத்து வேளையிற் கை தானாக அவ்வாறு செய்யும்.

கூட்டத்தின் இயல்பு

இதுகாறும் கூறியன தனித்துச் செல்வோனுக்கும் பொருந்துவன. இனிக் கூட்டத்துக்கே உரிய இடர்களை நோக்குவோம்.

முதலாவது, கணக்கினால் விளைவது. இருபத்தொருவர் ஒருவர்பின் ஒருவராய் ஒவ்வொரு செக்கன் இடைவெளியிற் செல்கின்றனர் எனக் கொள்வோம். சிற்றூரொன்றினுள்ளே எல்லாரும் மணிக்கு 40 கிலோமீற்றரிற் சென்றனர். ஊரெல்லை கடந்ததும் முதல்வன் வேகத்தை 70 ஆக்கினான். கடைசியில் வருவோன் அவ்வெல்லையை அடைய இன்னும் 20 செக்கன் உண்டு. அதற்குள் முதல்வன் 390 மீற்றர் சென்றுவிட, கடைசியோன் 220 மீற்றரே வந்திருப்பான். இடைவெளி 170 மீற்றரால் நீண்டுவிட்டது. அதனை அரை நிமிடத்திலே குறைக்க அவன் விரும்புவானாயின், மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் ஓடல் வேண்டும். முதல்வன் தான் 70 ஐக் கடக்கவில்லை என்று மனநிறைவோடு செல்கின்றான். கடைசியோனோ 90 இல் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வருகின்றான். பெரும்பாலும் அக்கடைசியோன் யார்? புதிதாகச் சேர்ந்தவன், சிறிய வண்டியை உடையவன், வயதில் இளையவன். கழகத்தின் வேகத்தை அறிய விரும்புவோர் முதல்வனின் வேகமானியைப் பார்த்தல் பயனில்லை. கடைசியோனுடையதைப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது இடர் மனத்தினால் விளைவது. தனியே செல்லும்போது அடக்கமாகச் செல்வோன், தோழர் பலர் பார்க்கச் செல்லும்போது வேறொருவனாகிவிடுகின்றான். பின்தங்கினால் நகைப்பர் என்னும் அச்சமும், முந்தினாற் புகழ்வர் என்னும் ஆசையும் அவன் கையைப் பற்றித் திருகுகின்றன. 1950 களிலும் 1960 களிலும் இலண்டன் மாநகரத்து இளைஞர் நெடுஞ்சாலைத் தேநீர்க்கடைகளிலே கூடி, மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டவனே வீரன் என்று போற்றி, வீதியையே பந்தயக்களமாக்கினர். அவ்விளைஞரைப் பலரும் பழித்து ஒதுக்கினர். ஆனால் 1959 ஆம் ஆண்டில் அந்நகரின் கிழக்குப் பகுதியிலே ஓர் இளைஞர் கழகம் தொடங்கப்பட்டது. அதனோடு தொடர்புடைய பில் ஷெர்கோல்ட் என்னும் பாதிரியார், தாமும் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுபவராய், 1962 இல் அவ்விளைஞருக்கெனத் தனிப்பிரிவொன்றை ஏற்படுத்தினார். கூடி இருப்பதற்கு ஓரிடமும், மதிக்கும் பெரியோர் ஒருவரும் அவர்களுக்குக் கிடைத்தனர். நாம் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இளைஞன் கூட்டத்தை நாடுவது இயல்பு. அவனைக் கூட்டத்திலிருந்து விலக்க முயல்வதினும் அக்கூட்டத்தைச் செம்மைப்படுத்த முயல்வதே பயன் தரும்.

அணிவகுத்துச் செல்லும் முறை

தேர்த்திருவிழாவை அறியாதார் நம்முள் இலர். வடம் பிடிப்போர் ஆயிரவராயினும், சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நிற்போர் சிலரின்றித் தேர் ஒழுங்காக இருப்பிடம் சேர்வதில்லை. அவர்களை எவரும் பாடுவதில்லை. ஆயினும் தேரின் போக்கு அவர்கள் கையிலேயே உள்ளது. மோட்டார்ச் சைக்கிள் அணியிலும் அத்தகையோர் இருவர் வேண்டும். ஒருவர் முன்னே செல்லும் தலைவர். மற்றவர் எல்லார்க்கும் பின்னே வரும் கடைக்காவலர்.

முன்னேர் செல்லும் வழியே பின்னேர் செல்லும் என்பது நம் நாட்டுப் பழமொழி. தலைவர் வழியை முன்னரே அறிந்தவராயும், வேகத்தில் நிதானம் உடையவராயும் இருத்தல் வேண்டும். ஊர்களைக் கடந்ததும் உடனே வேகத்தைக் கூட்டாது, கடைசியோனும் எல்லையைக் கடக்கும் வரை பொறுத்தல் அவர் கடமை. கடைக்காவலரோ அனுபவத்தில் மூத்தவராய், கருவிகளும் முதலுதவிப் பெட்டியும் கைத்தொலைபேசியும் உடையவராய் இருத்தல் வேண்டும். எவரேனும் பழுதுற்று நின்றால் அவரோடு நிற்பவர் கடைக்காவலர் ஒருவரே. ஏனையோர் வீதியோரத்திலே குவிந்து நின்று மற்றோர் ஆபத்தை உண்டாக்குதல் கூடாது. புதியவரையும் சிறிய வண்டியுடையோரையும் பின்னே தள்ளாது, தலைவருக்கு அடுத்தே வைத்தல் நலம். அப்போது அணியின் வேகம் அவர்களின் ஆற்றலுக்கு ஏற்பத் தானாகவே அமையும்.

ஓர் அணியில் ஐவர் முதல் எழுவர் வரை இருப்பதே சிறப்பு. இருபதின்மர் வரின் மூன்று அணியாகப் பிரிந்து, சில நிமிட இடைவெளியிற் புறப்படலாம். அவ்வாறு பிரிந்தால் மேலே கூறிய 170 மீற்றர் இடைவெளியும் தோன்றாது. பின்வரும் பஸ்ஸும் லொறியும் அணிகளுக்கிடையே புகுந்து முந்திச் செல்லவும் இயலும்.

நேரான அகன்ற வீதியிலே இருவர் இருவராய்த் தோளோடு தோள் சேர்ந்து செல்லுதல் தகாது. பள்ளமொன்றைக் கண்டு விலக இடமிராது. ஒருவர் தம் பாதையின் வலப்புறமாகவும், அடுத்தவர் ஒரு செக்கன் பின்னே இடப்புறமாகவும், மூன்றாமவர் மீண்டும் வலப்புறமாகவும் மாறி மாறிச் செல்லுதலே பலரும் ஏற்றுக்கொண்ட முறை. இடப்பக்கமாக வண்டி செலுத்தும் நம் நாட்டிலே தலைவர் வலப்புறத்தில், வீதியின் நடுவை அடுத்துச் செல்வார். இம்முறையில் நேர் முன்னே செல்வோனுக்கும் நமக்கும் இரண்டு செக்கன் இடைவெளி கிடைக்கின்றது. அணியும் அளவுக்கு மிஞ்சி நீள்வதில்லை. வளைவுகளிலும் ஒடுங்கிய பாலங்களிலும் மதகுகளிலும் இவ்வணியைக் கலைத்து, இரண்டு செக்கன் இடைவெளியோடு தனிவரிசையாதல் வேண்டும்.

வலக்கை வேகத்தை ஆளும் கையாதலின் சைகைகள் இடக்கையாற் செய்யப்படும். ஒரு விரலை உயர்த்தினால் தனிவரிசை; இரு விரலை உயர்த்தினால் மாறி மாறிச் செல்லும் வரிசை. வீதியிற் கிடக்கும் இடையூற்றை அப்பக்கத்துக் கையாலோ காலாலோ சுட்டலாம். பெற்றோல் தாங்கியைத் தட்டிக் காட்டின் எரிபொருள் வேண்டும் என்பது பொருள். சைகையைக் கண்ட ஒவ்வொருவரும் தமக்குப் பின்வருவோருக்கு அதனைக் கையளித்தல் வேண்டும்.

முன்னுள்ள வாகனத்தை முந்துவதிலே தான் மிகப் பெருந்தவறு நிகழ்கின்றது. தலைவர் முந்திவிட்டார் என்பதனால் வழி திறந்திருக்கின்றது என்று கருதிப் பின்னோரும் பாய்கின்றனர். தலைவர் கண்ட வெற்றிடம் இரண்டு செக்கனின் பின் வெற்றிடமன்று. ஒவ்வொருவரும் தம் கண்ணாற் கண்டு, தம் அறிவால் அளந்து, தனித்தனியே முந்துதல் வேண்டும். பிரிந்துவிடுவோம் என்னும் அச்சமே இத்தவற்றுக்கு வேர். அவ்வேரை அறுப்பதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. சந்தியொன்றிலே வழி திரும்பும்போது தலைவருக்கு அடுத்து வருபவர் அங்கே பாதுகாப்பான இடத்தில் நின்று, பின்வருவோர் அனைவருக்கும் வழிகாட்டிக் கடைக்காவலர் வந்ததும் அவருக்கு முன்னே அணியிற் சேர்வார். அடுத்த சந்தியில் அடுத்தவர் நிற்பார். இவ்வாறாயின் எத்துணைப் பின்தங்கினும் எவரும் வழி தவறார். பின்தங்குதல் அச்சத்துக்கு உரியதன்று என்பது உறுதியானால், எவரும் விரைந்து ஓடவும் நினையார்.

தலைக்கவசம்

1935 ஆம் ஆண்டு மே மாதத்திலே, அராபியரோடு சேர்ந்து போர் புரிந்து புகழ் பெற்ற தோமஸ் எட்வேட் லோறன்ஸ் என்னும் ஆங்கிலேயர், தம் மோட்டார்ச் சைக்கிளிற் செல்லும்போது சைக்கிளில் வந்த இரு சிறுவரைத் தவிர்க்க முயன்று வீழ்ந்தார். தலையிற் பட்ட காயத்தினால் ஆறு நாளின் பின் மாண்டார். அப்போது அவருக்கு வயது 46. அவர் தலையிலே கவசம் இருக்கவில்லை. அவரைப் பார்வையிட்ட வைத்தியருள் ஒருவர் ஹியூ கெயர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். பின்னர் உலகப்போர் மூண்டபோது, போர்க்களத்தை எட்டாமலே வீதியில் மாண்ட படைத் தூதுவரின் தொகையைக் கண்ட அவர், தலைக்காயமும் கவசமும்பற்றி ஆராய்ந்து 1941 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியிலே பிரித்தானியப் படையில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டும் அனைவரும் தலைக்கவசம் அணிதல் கட்டாயமாயிற்று. குடிமக்கள் அனைவர்க்கும் அதனை முதலிற் சட்டமாக்கியது அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலம்; 1961 ஆம் ஆண்டில். பிரித்தானியாவில் 1973 இலேயே அச்சட்டம் வந்தது.

பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர், தலைக்கவசம் மரணத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயத்தை 69 பங்கும் குறைக்கின்றது என மதிப்பிட்டுள்ளனர். ஆயின் தலையில் இருந்தாற் போதாது. தாடையின்கீழ் வார் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். வார் பூட்டாத கவசம் மோதலின் முதற்கணத்திலேயே தலையை விட்டுப் பறந்துவிடும். பொலிசாரைக் கண்டு அணிவதும், அவர் மறைந்தபின் கைப்பிடியிலே தொங்கவிடுவதும் பொலிசாரை ஏமாற்றுவதாகாது. பின்னிருக்கையில் அமர்வோருக்கும் இவ்விதி முற்றாகப் பொருந்தும். சேலைத் தலைப்பும் நீண்ட சால்வையும் பின்சக்கரத்திற் சிக்குண்டு உயிர் குடிக்கக்கூடியவை. ஏறுமுன் அவற்றை இறுகச் செருகிக் கொள்ளுதல் வேண்டும்.

நம் வீதிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்லும் ஏ9 வீதி ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமானது. போர்க்காலத்திலே நெடுநாள் மூடப்பட்டு, 2002 இல் திறந்து, 2006 இல் மீண்டும் மூடப்பட்டு, 2009 இன் பின்னரே அது நமக்கு முற்றாகக் கிடைத்தது. இன்று நம் இளைஞர் கூடிச் செல்ல விரும்பும் வழிகளுள் அது முதன்மையானது. அகன்று நேராய்க் கிடக்கும் அவ்வீதி கண்ணுக்கு இனியது. ஆயினும் அந்த நேர்மையே வேகத்தைத் தூண்டுகின்றது. வன்னிப் பகுதியிலே கட்டாக்காலி மாடுகள் இரவில் வீதியின் வெப்பத்தை நாடி நடுவிலே படுத்திருக்கும். காட்டோரங்களில் யானையும் குறுக்கிடும். மணிக்கு 80 கிலோமீற்றரிற் செல்வோனுக்கு நிற்பதற்கு 63 மீற்றர் வேண்டும் என்பதனை மேலே கூறியவற்றாற் கணக்கிடலாம். முன்விளக்கு காட்டும் தூரம் அதனிற் குறைவாயின், அவன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுபவனே. ஆதலின் கழகப் பயணங்கள் கருக்கலிற் புறப்பட்டு, பொழுது படுமுன் முடிதல் நன்று. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் இறங்கி நீர் அருந்தி இளைப்பாறுதல் வேண்டும். வெயிலில் வற்றிய உடலில் அறிவும் தளரும். நெடுவறட்சியின்பின் பெய்யும் முதல் மழை வீதியிற் படிந்த எண்ணெயை மிதக்கச் செய்யும். அந்த முதற் சில நிமிடங்களில் நின்று செல்வதே அறிவுடைமை.

கழகத்தின் கடமை

புறப்படுமுன் ரயரின் காற்று, பிறேக்கு, சங்கிலி, விளக்குகள், எண்ணெய் ஆகியவற்றை ஒவ்வொருவரும் பார்த்தல் வேண்டும். பின்னர் எல்லாரும் கூடி வழியையும், தங்குமிடங்களையும், சைகைகளையும் ஒருமுறை பேசிக்கொள்ளுதல் வேண்டும். இவை ஐந்து நிமிட வேலை.

மது விடயத்திலே கழகத்துக்கு ஒரே விதியே இருத்தல் வேண்டும்: அன்றைய பயணம் முடிந்து சாவியைக் கழற்றி வைக்கும்வரை எவரும் தொடுதல் கூடாது. ஒருவர்க்கு விலக்களித்தாலும் விதி மாண்டுவிடும். தலைவராயினும் மீறியவர் வண்டியை விட்டுவிட்டுப் பிறிதொரு வழியால் வீடு திரும்பவேண்டியதே.

பெருந்துடுப்பாட்டப் போட்டிக் காலங்களிலே கல்லூரிக் கொடிகளை ஏந்தி, ஒரு வண்டியில் மூவராய், தலைக்கவசமின்றி, வீதியெங்கும் ஆரவாரித்துச் செல்லும் இளைஞரைப் பல ஊர்களிலும் காண்கின்றோம். அது கல்லூரிப் பற்று என்று பாராட்டத்தக்கதன்று. பழைய மாணவர் சிலர் அவர்களுக்குப் பெற்றோலுக்குப் பணம் கொடுத்து ஊக்குவிப்பதும் உண்டு. அப்பணத்தைக் கொடுப்போர், அவ்வூர்வலத்தின் முன்னே ஒருவராகவும் பின்னே ஒருவராகவும் தாமே செல்ல முன்வருவாராயின், அதுவே மெய்யான உதவி.

முதலுதவி கற்றோர் இருவரேனும் ஒவ்வோர் அணியிலும் இருத்தல் வேண்டும். வீழ்ந்தவனை உடனே தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்து ஏற்றுதல் அன்பினாற் செய்யும் பிழை; முறிந்த கழுத்தெலும்பு அதனால் நிரந்தர முடத்தை விளைக்கலாம். மூச்சுத் தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றுதலும் கூடாது. பின்வரும் வாகனங்களைத் தடுத்து நிறுத்தி, குருதி பெருகும் இடத்தைத் துணியால் அழுத்தி, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வருவித்தலே செய்யத்தக்கது.

இவை எல்லாவற்றிலும் அரியது ஒன்றுண்டு. ‘என்னால் இவ்வேகத்தில் வர இயலாது’ என்று ஒருவன் சொல்வதும், அதனைக் கேட்ட தோழர் நகையாதிருப்பதுமே அது. அச்சொல்லைச் சொல்ல முடியாத கழகத்திலே சைகைகளும் சட்டங்களும் பயன்படா. அதனைச் சொல்ல முடியும் கழகத்திலே சட்டங்கள் பல தேவையுமில்லை. மூத்தோர் ஒருவர் முதலில் அதனைச் சொல்லிக் காட்டுவாராயின் இளையோர்க்கு நாணம் நீங்கும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

பயணம் சிறப்பாக முடிந்ததா என்று அறிதற்கு எத்தனை மணி நேரத்திற் சென்றோம், எந்த வண்டி முந்தியது என்று வினாவ வேண்டியதில்லை. காலையிற் கல்லூரி வாயிலிலே புறப்படும்போது தலைவர் எத்தனை பேரை எண்ணினாரோ, மாலையிற் கடைக்காவலர் வந்து சேர்ந்தபின் எண்ணும்போது அத்தனை பேரும் இருத்தல் வேண்டும். அவ்விரு எண்களும் ஒன்றாயின் அப்பயணம் வெற்றி. அன்றேல் வேறெந்தப் புகழும் அக்குறையை நிறைக்காது.